நுவரெலியாவில வாங்கின 1960 மொரிஸ் மைனர்: திருகோணமலைக்கு ஓட்டிக்கொண்டு வாறதா, லொறியில ஏத்துறதா?

உப்புவெளி948:

வணக்கம். மொரிஸ் மைனர் 1000 ஒண்டு, 1960ஆம் ஆண்டு, 948 சிசி, நாலு கதவு, நுவரெலியாவில பேசி முடிச்சிட்டன். காசும் குடுத்தாச்சு, காரின்ர பதிவுப் புத்தகமும் கையில. கார் இன்னும் வித்தவரின்ர கொட்டிலுக்குள்ள நிக்குது.

14 மாதமா ரோட்டுக்கு வரேல்லை. மாதத்தில ரெண்டு தரம் ஸ்டாட் பண்ணி வளவுக்குள்ள முன்னுக்குப் பின்னுக்கு எடுத்திருக்கினம். எஞ்சின் பழைய எஞ்சின்தான், நம்பர் புத்தகத்தோட ஒத்துப்போகுது. நீலப் புகை இல்லை, ஸ்டாட் பண்ணின உடன ஒயில் லைற் அணையுது. பிறேக் பிடிக்குது, ஆனா முதல் மிதியில பெடல் கீழ போகுது, ரெண்டாம் மிதியிலதான் மேல வருது. ரயரில தேய்மானம் பெரிசா இல்லை.

நுவரெலியா, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியா வந்தா கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். மெக்கானிக் ஒராளைக் கூட்டிக்கொண்டு போய், ஒயில், பிளக், பொயின்ற் எல்லாம் மாத்திப்போட்டு விடிய வெளிக்கிட்டா பின்னேரத்துக்குள்ள வீட்டை வந்திடலாமெண்டு யோசிக்கிறன். லொறிக்குக் குடுக்கிற காசு மிஞ்சினா சாமானுக்கு உதவும். இந்தக் காரை அறிஞ்சவை சொல்லுங்கோ, எதைப் பாத்து முடிவெடுக்கிறது?


மட்டிக்களி ஏ-சீரிஸ்:

தம்பி, நீங்கள் எழுதினதில பாதி எஞ்சினைப் பற்றித்தான் இருக்கு. இந்த முடிவில எஞ்சினுக்குப் பங்கு குறைவு. எஞ்சின் நிண்டா கார் ரோட்டோரத்தில நிக்கும், அவ்வளவுதான். முன் சக்கரம் மடங்கினாலோ இறக்கத்தில பெடல் தரையைத் தொட்டாலோ அப்பிடி இல்லை. அதால ஒயில், பிளக்குக்கு முதல் பாக்கவேண்டியது வேற.

முதலாவது கிங் பின். மைனரின்ர முன் சக்கரத்தைத் தாங்குற கிங் பின்னுக்கு மேல் முனையிலயும் கீழ் முனையிலயும் மறை வெட்டியிருக்கும். அந்த மறை, ட்றனியன் எண்ட துண்டுக்குள்ள சுத்திக்கொண்டு நிக்கும். காரின்ர முன்பாரம் முழுக்க அந்த மறையிலதான். 1,600 கிலோமீற்றருக்கு ஒருக்காக் கிறீஸ் அடிக்கவேணும், ஒவ்வொரு பக்கமும் மேல ஒரு நிப்பிள், கீழ ஒரு நிப்பிள். கீழ் நிப்பிள்தான் சேறும் தண்ணியும் படுற இடம், அதைத்தான் ஆக்கள் மறக்கிறது. கிறீஸ் இல்லாம ஓடினா மறை தேயும். தேஞ்சு முடிய ஒரு நாள் கிங் பின் ட்றனியனை விட்டுக் கழண்டு வரும், சக்கரம் மட்கார்டுக்குக் கீழ மடங்கிப் படுத்திடும். பெரும்பாலும் மெதுவாத் திருப்பேக்கையோ பள்ளத்தில விழேக்கையோதான் இது நடக்கும். ஆனா கண்டிக்கு இறங்கிற வழியில ரம்பொடை வளைவில நடக்காதெண்டு ஒருத்தரும் எழுதித் தரமாட்டினம்.

சோதிக்கிறது லேசு. ஜக்கைக் கீழ் ஆமுக்கு அடியில வைச்சு சக்கரத்தை ரெண்டு அங்குலம் தூக்குங்கோ. ரயருக்குக் கீழ ஒரு அலவாங்கைக் குடுத்து மேல நெம்புங்கோ. மற்றவர் லைற்றோட உள்ளுக்க பாக்கவேணும்: சக்கரம் மேல எழும்பேக்கை ட்றனியன் அசையாம கிங் பின் மட்டும் ஏறி இறங்கினா மறை போயிட்டுது. பிறகு ரயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ. பெயாரிங் ஆட்டத்தையும் கிங் பின் ஆட்டத்தையும் குழப்பக்கூடாது. ஒராள் பிறேக்கை மிதிச்சுக்கொண்டு இருக்க ஆட்டினா பெயாரிங் ஆட்டம் மறைஞ்சிடும், கிங் பின் ஆட்டம் நிக்கும்.

ரெண்டாவது பிறேக். ரெண்டாம் மிதியில பெடல் கல்லு மாதிரி மேல வந்தா, சூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு, அட்ஜஸ்ட் பண்ணினாப் போதும். முன் ட்ரம்மில ரெண்டு அட்ஜஸ்டர், ரெண்டு சூவுக்கும் தனித்தனி. ஒண்டை மட்டும் திருகிப்போட்டு விடுற கராஜ் நிறைய இருக்கு. மேல வந்தும் பஞ்சு மாதிரி இருந்தா உள்ளுக்க காத்து. பாதத்தை அழுத்தி ஒரு நிமிசம் வைச்சிருக்க மெல்ல மெல்ல இறங்கினா எங்கயோ ஒழுக்கு, இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் சரியில்லை.

இனி நிண்ட காருக்கெண்டே உள்ள பிரச்சினை. முன் சக்கரத்துக்கு ரெண்டு ரெண்டு, பின் சக்கரத்துக்கு ஒண்டு ஒண்டு, மொத்தம் ஆறு வீல் சிலிண்டர், பிறேக் சூவைத் தள்ளுறது இதுதான். எல்லாம் ஒரே குழாய் வரிசை. ஒண்டு ஒழுகினா நாலு சக்கரத்துக்கும் பிறேக் இல்லை. 14 மாதமா வளவுக்குள்ள மெல்ல மிதிச்சுக்கொண்டிருந்தவைக்கு சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஒரு சின்ன இடத்துக்குள்ளதான் போய் வந்திருக்கும். அதுக்கு அங்கால உள்ள சுவரில துரு. இறக்கத்தில முதல் தரம் பலமா மிதிக்கேக்கை ரப்பர் அந்தத் துருவுக்கு மேல போய்க் கிழியும். வளவில பிடிக்கிற பிறேக் மலையில விடுறதுக்குக் காரணம் இதுதான். ட்ரம் நாலையும் கழட்டி, சிலிண்டரின்ர தூசி ரப்பரை நகத்தால விலத்திப் பாருங்கோ. உள்ளுக்க காய்ஞ்ச தூள் எண்டா பரவாயில்லை. மண்ணிறத்தில ஈரம் பிசுபிசுத்தா அந்தக் கார் ரோட்டுக்கு இறங்கக்கூடாது. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின்ர காலுக்குக் கீழ, சட்டத்துக்குள்ள இருக்கு. தரைவிரிப்பைத் தூக்கினா மூடி தெரியும். அதுவும் அவ்வளவு லேசில தெரியாத இடம் எண்டதால பிறேக் எண்ணெய் மாத்தாமலே வருசக்கணக்கா ஓடியிருப்பினம்.

ரயர் தேயேல்லை எண்டது நல்ல செய்தி இல்லை. ஓடாத ரயர் தேயாது, ஆனா பழசாகும். பக்கச்சுவரில டொட் எண்ட எழுத்துக்குப் பிறகு வாற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ, முதல் ரெண்டும் கிழமை, மற்ற ரெண்டும் வருசம். மூண்டு இலக்கம் மட்டும் இருந்தா 2000க்கு முந்தின ரயர்.

சட்டத்தையும் ஒரு ஸ்க்றூ டிறைவரால குத்திப் பாருங்கோ: நடுக் குறுக்குச் சட்டத்தில டோர்ஷன் பார் (முன்பக்கம் ஸ்பிறிங்கா வேலை செய்யிற முறுக்குக் கம்பி) முடியிற இடம், பின் லீவ் ஸ்பிறிங் ஹேங்கர், ஜக் வைக்கிற இடம். நுவரெலியாப் பனியில இந்த மூண்டும்தான் முதல்ல போறது. மேல பெயின்ற் பளபளக்கும், கீழ குத்தினா ஸ்க்றூ டிறைவர் உள்ளுக்க போகும்.

இந்த நாலும் சரியெண்டா ஓட்டுறதைப் பற்றிக் கதைப்பம். ஒண்டு பிழையெண்டாலும் லொறி.


லபுக்கலை:

மேல சொன்னதோட மலைப்பக்கத்து விசயம் ரெண்டு சேத்துக்குங்க.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கண்டி 500 மீட்டர் சொச்சம்தான். அந்த 77 கிலோமீட்டருக்குள்ள கிட்டத்தட்ட 1,350 மீட்டர் இறங்குறீங்க. இந்தக் காருக்கு முன்னாடியும் ட்ரம், பின்னாடியும் ட்ரம். தொடர்ந்து மிதிச்சா ரெண்டு விதமா கைவிடும். ட்ரம்மும் சூவும் சூடேறினா பெடல் கெட்டியாத்தான் இருக்கும், ஆனா வண்டி நிக்காது. சூடு சிலிண்டருக்குள்ள போயி பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் அப்படியே தரைக்குப் போயிடும். டொட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது 205 பாகையில கொதிக்கும். ஈரம் குடிச்ச பழைய ஆயில் 140லயே கொதிச்சுடும். நம்ம பக்கத்து ஈரத்துல எத்தனையோ வருஷம் இருந்த ஆயில் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இறங்குறதா இருந்தா செகண்ட் கியர். ஏறுறதுக்கு எந்த கியரோ இறங்குறதுக்கும் அதே கியர். மைனர்ல பர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ (கியர் பல்லுகளோட வேகத்தைச் சமமாக்கிச் சேக்குறது) கிடையாது, வண்டி ஓடும்போது பர்ஸ்ட்டுக்குப் போட முடியாது, பல்லு கத்தும். அதனால வளைவுக்கு முன்னாலயே செகண்ட்ல இருக்கணும், வேகம் பிடிச்சதுக்கப்புறம் கியரைத் தேடக் கூடாது. பிரேக்கை விடாம தேய்க்காதீங்க. ஒரு தடவை நல்லா மிதிச்சு வேகத்தைக் குறைச்சு, முழுசா விட்டுடுங்க. ரம்பொடையில ஒரு கால் மணி நேரம், புஸ்ஸல்லாவையில ஒரு கால் மணி நேரம் நிறுத்துங்க. சூடான ட்ரம்ல தண்ணி ஊத்த வேணாம், வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ரெண்டாவது காபரேட்டர். இத எல்லாரும் மறந்துடுவாங்க. உயரத்துல காத்து மெலிசு, அதனால கலவையில பெட்ரோல் அதிகமாகி கரும்புகை வரும். அதுக்காக இங்க உள்ள மெக்கானிக் பாஸ்மாருங்க எஸ்.யூ. காபரேட்டரோட அடி நட்டை மேல ஏத்தி கலவையைக் குறைச்சு வச்சிருப்பாங்க. நுவரெலியாவுல அது சரி. அதே கார் கடல் மட்டத்துக்கு வந்தா காத்து தடிச்சிருக்கும், பெட்ரோல் போதாது. எஞ்சின் சூடேறும், காபரேட்டர் வழியா பட்டு பட்டுன்னு வெடிக்கும், தொடர்ந்து ஓட்டினா எக்ஸோஸ்ட் வால்வு கருகிடும். தம்புள்ளைக்கு அங்கால நேர் ரோட்டுல நீங்க அழுத்திப் பிடிக்கிற நேரம்தான் இது நடக்கும்.

மாத்தளையில இறங்கினதும் எஞ்சின் நல்லா சூடா இருக்கும்போது ஏர் கிளீனரைக் கழட்டுங்க. சின்ன ஸ்க்ரூ டிரைவரால காபரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மாதிரி தூக்கிப் பாருங்க. எஞ்சின் வேகம் லேசா கூடி உடனே பழையபடி வந்தா சரி. கூடினது அப்படியே நின்னா கலவை அதிகம். நிக்கப் போற மாதிரி தடுமாறினா கலவை குறைவு, அடி நட்டை ஒரு முகம் கீழ இறக்கிட்டு திரும்பப் பாருங்க. ஒவ்வொரு முகமாத்தான், ஒரேயடியா திருக வேணாம். ஏத்தத்துல எஞ்சின் நொக் அடிச்சா டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல சின்னத் திருகு குமிழ் இருக்கும், அதை ஆர் எழுத்துப் பக்கமா கொஞ்சம் திருப்புங்க.

என்னைக் கேட்டா மாத்தளை வரைக்குமாவது லொறியில இறக்குங்க. ஏப்ரல் சீசன் நேரம் மட்டும் வேணாம், ரோடு முழுக்க வாகனம், மெதுவா இறங்குறவனைப் பின்னால உள்ளவன் விடமாட்டான்.


கிண்ணியா ஜெட்டி:

மாத்தளை இல்ல, தம்புள்ளை வரைக்கும் ஏத்துங்க தம்பி. மாத்தளைக்கு அங்கால நாலந்தை, நாவுலைப் பக்கம் இன்னும் வளைவு இருக்கு. தம்புள்ளையில இருந்து நம்ம ஊருக்கு 110 கிலோமீற்றருக்கு உள்ளதான், பெரிய ஏத்த இறக்கம் இல்ல. 60க்கு மேல போகாம வந்தா ரெண்டு மணித்தியாலம், இடையில நிப்பாட்டினா மூணு.

நேரம்தான் முக்கியம். ஹபரணையில இருந்து கல்ஓயாச் சந்தி, அக்போபுர பக்கம் காடு. பின்னேரம் யானை ரோட்டுக்கு வரும். அந்த இடத்தில பெற்றோல் பம்ப் நிண்டா போனற்றைத் திறந்துபோட்டு வேலை செய்ய ஏலாது. மைனரின்ர டைனமோ ஐட்லிங்கில சார்ஜ் குடுக்காது, லைற் போட்டுக்கொண்டு நிண்டா பற்றறி இறங்கும். அதனால காலமை 7 மணிக்குத் தம்புள்ளையில வெளிக்கிடுங்க, 9 மணிக்கு முன்னம் காட்டைத் தாண்டிருங்க. மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் எண்டா கச்சான் காத்து, பத்து மணிக்குப் பிறகு கந்தளாயில இருந்து இங்கால அடுப்புக்குள்ள ஓட்டுற மாதிரி.

மலையில ஓடின காரின்ர றேடியேற்றரை ஒருத்தரும் சூட்டில சோதிக்கல. ஊசிக்குளிரில எல்லாக் கார்ர றேடியேற்றரும் நல்லதுதான். கீழ் ஹோஸைக் கழட்டித் தண்ணியை விட்டுப் பாருங்க, காவிக் கலரில சேறு வந்தா எஞ்சினையும் றேடியேற்றரையும் தனித்தனியா எதிர்ப்பக்கமாத் தண்ணி அடிச்சுக் கழுவணும். கையால அமுக்கக்குள்ள ஹோஸ் மொறு மொறுண்டு சத்தம் போட்டா மாத்துங்க. பான் பெல்ற் நடுவில விரலால அமுக்கினா அரை அங்குலம் இறங்கணும்.

பெற்றோல் பம்ப் இந்தக் காருக்கு எலெக்ட்ரிக், போனற்றுக்குள்ள பின்சுவரில இருக்கு. சுவிச்சைப் போட்டா டிக் டிக் எண்டு வேகமா அடிச்சு, காபரேற்றர் நிறைய நிக்கணும். ஒரு சத்தமும் இல்லாட்டி உள்ளுக்க பொயின்ற் ஒட்டியிருக்கு. ஸ்பானர்ர பிடியால பம்ப்ர உடம்பில லேசா ரெண்டு தட்டுத் தட்டினா திரும்ப அடிக்கத் தொடங்கும், வீடு வரக் காணும். எஞ்சின் ஓடாமலே நிக்காம அடிச்சுக்கொண்டு இருந்தா எங்கயோ பெற்றோல் ஒழுகுது இல்லாட்டி காத்து இழுக்குது, முதல்ல அதைத் தேடுங்க. காபரேற்றர் எக்ஸோஸ்ற்றுக்கு நேர மேல இருக்கிறதால, சூட்டில நிப்பாட்டிப்போட்டு அஞ்சு நிமிசத்தில ஸ்டாட் பண்ணினா சில நேரம் பிடிக்காது. போனற்றைத் திறந்து வைச்சுக் கால் மணித்தியாலம் விடுங்க.

இன்னொண்டு, இந்தக் கார் பொசிற்றிவ் எர்த். பற்றறியின்ர பிளஸ்தான் பொடியில. வேற வாகனத்தில இருந்து ஜம்ப் குடுக்கக்குள்ள பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், ஆனா மற்ற வாகனத்தில மைனஸ் பொடியில இருக்கும் எண்டதால ரெண்டு வாகனமும் பம்பர் முட்டிக்கொண்டு நிக்கக் கூடாது. முட்டினா ஷோர்ட்.


நாலாம் கட்டை:

எல்லாரும் காரைப் பாக்கிறீங்கள், நான் பேப்பரைப் பற்றி மட்டும் சொல்லுறன். வருமான அனுமதிப்பத்திரம் வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிறது. 14 மாதமா ரோட்டுக்கு வராத காருக்கு அது முடிஞ்சிருக்கும், காப்புறுதியும் அப்பிடித்தான். ரெண்டும் இல்லாம 110 கிலோமீற்றர் என்ன, 10 கிலோமீற்றரும் ஓட்டக்கூடாது. விபத்தொண்டு நடந்தா மற்றவருக்கு ஆகிற சேதம் முழுக்க உங்கட தலையில.

எஞ்சின் நம்பர் ஒத்துப்போகுது எண்டு சொன்னது நல்லது, இந்தக் கார்களில நிசான் எஞ்சின் மாத்தினது நிறைய. சசி (சட்டம்) நம்பரையும் தகட்டில பாத்து எழுதுங்கோ. பேர் மாத்துற எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில வித்தவரின்ர கையெழுத்தும் அடையாள அட்டைப் பிரதியும் கார் அங்கயிருந்து வெளிக்கிட முதலே வாங்குங்கோ. புத்தகத்தில இருக்கிற பேரும் வித்தவரின்ர பேரும் ஒண்டா எண்டு பாருங்கோ. இடையில ஓப்பின் பேப்பரில, அதாவது புத்தகத்தில பேர் மாத்தாம, கை மாறின காரெண்டா பழைய சொந்தக்காரரைத் தேடவேண்டி வரும், அவர் உயிரோட இருக்கேக்கையே தேடுறது நல்லது.


உப்புவெளி948:

எல்லாருக்கும் பெரிய நன்றி. சொன்னபடி மெக்கானிக்கோட போய்ப் பாத்திட்டன்.

இடது பக்கம் கீழ் ட்றனியனில ஆட்டம் இருக்கு. அலவாங்கால நெம்ப கிங் பின் ஏறி இறங்குறது கண்ணுக்குத் தெரியுது. கீழ் நிப்பிளில கிறீஸ் கன் வைச்சாலும் கிறீஸ் உள்ளுக்க போகேல்லை. வலது பக்கம் ஆட்டம் இல்லை. பின் இடது வீல் சிலிண்டரில ரப்பரை விலத்த மண்ணிறத் தண்ணி. நாலு ரயரில ரெண்டுக்கு மூண்டு இலக்கம்தான் இருக்கு, மற்ற ரெண்டும் 2009ஆம் வருசத்து ரயர். சட்டம் நல்லா இருக்கு, குத்திப் பாத்ததில ஒரு இடமும் விடேல்லை. வருமான அனுமதிப்பத்திரம் முடிஞ்சு எட்டு மாதம்.

அப்ப ஓட்டுற கதை முடிஞ்சுது. இப்ப ரெண்டு கேள்வி. தெரிஞ்ச ஆளிட்டப் பிக்கப் இருக்கு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரலாமோ? லொறியெண்டா எந்த அளவு, எப்பிடிக் கட்டுறது?


மட்டிக்களி ஏ-சீரிஸ்:

இழுக்கிறதை மறந்திடுங்கோ. தேஞ்ச ட்றனியன் உருளேக்கைதான் மடங்கும், எஞ்சின் ஓடினா என்ன, கயிறு இழுத்தா என்ன. ஒழுகிற பிறேக்கோட பிக்கப்புக்குப் பின்னால ரம்பொடை இறங்கிறது எப்பிடி எண்டு நினைச்சுப் பாருங்கோ. பிறேக் நல்லா இருந்தாலும் தூரத்துக்கு இழுக்கக்கூடாது. நியூற்றலில எஞ்சின் நிண்டிருக்கேக்கை கியர் பொக்ஸின்ர கீழ் ஷாவ்ற் சுத்தாது, ஒயிலை மேல எறியிறது அதுதான். பின் சக்கரம் மேல் ஷாவ்ற்றை மட்டும் வறட்சியில சுத்திக்கொண்டிருக்கும்.


சீனக்குடா லொறி:

கார் 3.76 மீற்றர் நீளம், 1.55 அகலம், பாரம் 770 கிலோவுக்குக் கிட்ட. பதினாலரை அடி லொறி தாராளமாக் காணும். ஆனா தட்டு சாயிற, வின்ச் பூட்டின ரெக்கவரி லொறி கிடைச்சா அதுதான் முதல் தெரிவு, உங்கட கார் இருக்கிற நிலைமைக்கு ஆக்கள் தள்ளி ஏத்துறது சரிவராது.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கு. திருகோணமலையில இருந்து சீமெந்தும், சீனக்குடாவில இருந்து கோதுமை மாவும் மலைநாட்டுக்கு லொறியில போகுது. இறக்கிப்போட்டுத் திரும்பி வாற லொறிக்கு லோட் கிடைச்சா ரெண்டு பக்கக் கூலி கேக்கமாட்டினம். இங்கயே பேசி ஒழுங்குபண்ணுங்கோ, நுவரெலியாவில போய் லொறி தேடினா வெறுமையாத் திரும்பிற தூரத்துக்கும் சேத்துத்தான் கேப்பினம். ரெண்டு மூண்டு நாள் முன்னப் பின்ன ஆகும், அதுக்கு வித்தவரிட்ட முதலே சொல்லி வையுங்கோ. சீமெந்து ஏத்தின தட்டெண்டா நல்லாக் கூட்டிக் கழுவவேணும், ஈரம் பட்ட சீமெந்துத் தூள் பெயின்ற்றைத் தின்னும்.

சாதாரண லொறியில பலகை போட்டு ஏத்துறது ஆபத்து. தட்டு மூண்டு அடி உயரம், எட்டடிப் பலகை வைச்சா சரிவு கூட, எக்ஸோஸ்ற் குழாய் பலகை விளிம்பில இடிக்கும். தேயிலைத் தொழிற்சாலை, மரக்கறி சேகரிக்கிற இடங்களில லொறித்தட்டு உயரத்துக்கு மேடை இருக்கும். கேட்டா விடுவினம். மேடையில இருந்து நேர உள்ளுக்க உருட்டலாம். இறக்கவும் அதே மாதிரி ஒரு மேடை இங்க வேணும், அதை ஏத்த முதலே பாத்து வையுங்கோ. கார் வீட்டு வாசலில வந்து லொறிக்கு மேல நிக்க, கீழ இறக்க வழியில்லாமப் போறதுதான் இந்த வேலையில அடிக்கடி நடக்கிறது.

ஏத்தேக்கை ஸ்ரேறிங்கை நேர வைச்சிருங்கோ. நிண்ட இடத்தில முழுக்கத் திருப்பினா அந்த இடது ட்றனியனுக்கு அதுவே காணும். வின்ச் கொக்கியை பம்பரிலயோ ஸ்ரேறிங் கம்பியிலயோ டோர்ஷன் பாரிலயோ மாட்டக்கூடாது. முன் சட்டத்தின்ர ரெண்டு நீட்டுக் கால்களையும் சுத்தி ஒரு பட்டியைக் குடுத்து, அந்தப் பட்டியின்ர நடுவில கொக்கியைப் போடுங்கோ, நேர இழுபடும்.

கட்டுறது பொடியை இல்லை, சக்கரத்தை. ஒவ்வொரு ரயருக்கும் மேலால ஒரு ரட்செற் பெல்ற், நாலு சக்கரத்துக்கும் நாலு. ரயருக்கு முன்னும் பின்னும் 4 அங்குலக் கட்டை வைச்சுத் தட்டோட ஆணி அடிக்கவேணும். பொடியைக் கீழ அமத்திக் கட்டினா ரோட்டுக் குலுக்கலில ஸ்பிறிங் இறங்க பெல்ற் தளரும், பிறகு சடார் எண்டு இழுபடும். பின் அச்சைச் சுத்திக் கட்டுறவை கவனம், அச்சோட ஒட்டிப் பிறேக் குழாய் ஓடுது, பெல்ற் அதை நசிச்சுப்போடும். இறக்கினாப் பிறகு பிறேக் ஏன் பின்னால பிடிக்கேல்லை எண்டு நாள்கணக்காத் தேடுவியள்.

முதல் கியரில போட்டு ஹான்ட் பிறேக்கை இழுங்கோ. பற்றறியில எர்த் வயரைக் கழட்டுங்கோ, இந்தக் காரில அது பிளஸ். பெற்றோல் ஒண்டு ரெண்டு லீற்றருக்கு மேல வேண்டாம். வீல் கப் நாலையும் கழட்டிக் கூடவே கொண்டு வாங்கோ. போனற் முன்பக்கத்தாலதான் திறக்கும், காத்துக்குத் தூக்காம ஒரு சீலைக் கயித்தால கட்டுங்கோ. தறப்பாள் போட்டு மூடவேண்டாம், மூடினா நல்லது எண்டுதான் தோணும், ஆனா 260 கிலோமீற்றர் காத்தில அடிக்கிற தறப்பாள் உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி பெயின்ற்றைக் கெடுக்கும்.

லபுக்கலையில ஒருக்கா, கண்டி தாண்டி ஒருக்கா, தம்புள்ளையில ஒருக்கா நிப்பாட்டி நாலு பெல்ற்றையும் இழுத்துப் பாக்கவேணும். முதல் 20 கிலோமீற்றருக்குள்ளதான் கூடத் தளரும். ஏத்த முதல் காரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கோ. மூன்றாம் தரப்புக் காப்புறுதி லொறியில நடக்கிற சேதத்துக்கு வராது, லொறிக்காரரிட்ட ஏத்திற சாமானுக்குக் காப்புறுதி இருக்கா எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்கோ.


உப்புவெளி948:

லொறி பேசிட்டன், சீமெந்து இறக்கிப்போட்டு வாறது. இறக்க இங்க ஒரு மேடையும் கிடைச்சிட்டுது. வந்தாப் பிறகு எதில தொடங்கிறது?


மட்டிக்களி ஏ-சீரிஸ்:

இடது பக்கம் மட்டும் மாத்துறதெண்டு நினைக்காதேங்கோ. கிங் பின்னும் ட்றனியனும் சோடியா, ரெண்டு பக்கமும். புதுக் கிங் பின்னைத் தேஞ்ச ட்றனியனுக்குள்ள போட்டா ஒரு வருசத்தில பழைய நிலைமை. கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய கார்களில கழட்டின சாமான் கிடைக்கும், ஆனா இந்த ஒரு சாமானைப் பழசா வாங்கக்கூடாது. இங்கிலாந்தில இருந்து புதுசா எடுப்பியுங்கோ. அது வரும்வரைக்கும் பிறேக் வேலையைச் செய்யலாம்: ஆறு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், மூண்டு வளையிற ஹோஸ், முன்னுக்கு ரெண்டு பின்னுக்கு ஒண்டு. ஒழுகினது ஒண்டுதான் எண்டு ஒண்டை மட்டும் மாத்தினா, புதுசு நல்லா அழுத்தம் பிடிக்க அடுத்த பழசு விடும்.

எஞ்சினுக்கு 20டபிள்யூ-50, பில்டரோட 3.7 லீற்றர். கியர் பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான், 30 நம்பர், 1.3 லீற்றர் மட்டில. இங்க கராஜில கேக்காமலே 90 ஒயில் விடுவினம், பிறகு குளிரில கியர் விழாது. 90 பின் அச்சுக்குத்தான். பொயின்ற் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு), பிளக் 25 தௌ, வால்வு குளிரில 12 தௌ. ஸ்பானர் மில்லிமீற்றர் வேண்டாம், அங்குல அளவு எடுங்கோ, 7/16, 1/2, 9/16. 13 மில்லிமீற்றர் ஸ்பானர் 1/2 நட்டில போகும், ஆனா இறுகின நட்டெண்டா மூலையை உருட்டிப்போடும். லபுக்கலைக்காரர் சொன்ன காபரேற்றர் வேலையை லொறியில வந்தாலும் செய்யவேணும், கார் இனிக் கடல்மட்டத்திலதான் நிக்கப்போகுது.

புது ரயரும் பேப்பரும் சரிவந்தாப் பிறகு முதல் ஓட்டம் உப்புவெளிக்குள்ளயே அஞ்சு கிலோமீற்றர். அடுத்தது நிலாவெளி போய் வாங்கோ, பிறகு குச்சவெளி. சமதரை, வாகனம் குறைவு, நிண்டாலும் வந்து கூட்டிக்கொண்டு வரலாம். ஒவ்வொரு ஓட்டம் முடியவும் நாலு ட்ரம்முக்குக் கிட்டவும் புறங்கையைக் கொண்டு போங்கோ, தொடவேண்டாம். ஒண்டு மட்டும் மற்றதை விடச் சுட்டா அங்க சூ உரஞ்சுது, அட்ஜஸ்டரை ஒரு பல்லுத் தளர்த்துங்கோ. ஒண்டு மட்டும் குளிரா இருந்தா அந்தச் சிலிண்டர் வேலை செய்யேல்லை, திரும்ப ட்ரம்மைக் கழட்டவேணும். நாலும் ஒரே சூட்டில வந்தாப் பிறகு கந்தளாய்ப் பக்கம் போங்கோ.